சீனி எங்கே போகிறது

...கொதி வரட்டும், வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சீனியைக் கொட்ட வேண்டும், எரிகிற அடுப்பில் போட்டால் அடியில் பிடித்துக் கருகிவிடும், கருகினால் மனுஷருக்கு வாசனையாக இருக்கும், தேனீக்கு வயிற்றைக் கலக்கிவிடும், காஜா நஜ்முதீன் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே சொல்லிவிட்டார், பாகுன்னு பேருதான் தங்கச்சி, பதமெல்லாம் பாக்காதீங்க, தண்ணி ஒரு டம்ளர்னா சீனி ஒரு டம்ளர், மழைக்காலத்துல பூ கெடையாது, சாயங்காலமானா ஊத்திடுங்க... தேனீக்கு வயிறு கலங்கினது நமக்கு எப்படித் தெரியும் பாய் என்று வினோதினி கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இத்தனை பேருக்குப் பெட்டி கொடுத்திருக்கேன், ஒருத்தரும் இதக் கேக்கல என்றார், பெட்டி முகப்புல மஞ்சக் கோடா இழுத்து வெச்சிருக்கும், பாத்துக்கிட்டே இருங்க. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். மகள் சுகிர்தா புதுச்சேரி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது, காலையில் பட்டினத்தில் மழலையர் பள்ளி, அங்கே முப்பது குழந்தைகளின் கூச்சல், மத்தியானம் போலகத்து வீட்டுக்குத் திரும்பினால் கூடத்தில் மாமனார், கொல்லையில் இரண்டு பெட்டி தேனீ, அவர் வாயைத் திறக்கமாட்டார், அதுகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் மேலே கிளம்பவில்லை, அதற்குள் அளந்து வைத்துவிடலாம் என்று சீனி டப்பாவைத் திறந்தவள் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். இன்றைக்கும் குறைந்திருக்கிறது. சந்தேகமே இல்லை, நேற்று மூடும்போது கரண்டியின் முதுகால் தடவி மட்டமாக்கி, மேலே காம்பால் ஒரு கோடும் கிழித்து வைத்தாள், இப்போது கோடும் இல்லை மட்டமும் இல்லை, நடுவில் ஒரு குழி, ஈரக் கை பட்டது போல ஓரத்தில் இரண்டு மூன்று கட்டி... எறும்பு தின்றால் கட்டி கட்டுமா? பாத்திரம் தேய்க்க வரும் மாரிக்கண்ணுவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வினோதினி பட்ட பாடு போதும், எடுக்கறவ டப்பாவோட எடுத்துட்டுப் போவ மாட்டனாக்கா, ஒக்காந்து குழி தோண்டிக்கிட்டா இருப்பேன் என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, தவிர அவள் வருவது வினோதினி வீட்டில் இருக்கும் நேரத்தில்தான். மிச்சம் யார்? கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். தெட்சிணாமூர்த்தி. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர், வேலைக் காலம் முழுவதும் மதகுப் பலகையை ஏற்றுவதும் இறக்குவதும்தான், ஆற்றங்கரையில் தனியாக நின்று நின்று பேச்சு மறந்துவிட்டதோ என்னவோ. அவருக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷம் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஆறவே ஆறாமல், விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி, எப்படியோ எடுக்காமல் தப்பியது. அன்றையிலிருந்து இந்த வீட்டில் காப்பிக்குக்கூடச் சீனி கிடையாது, வாங்குவதெல்லாம் தேனீக்குத்தான், அந்தச் சீனிதான் குறைகிறது.

தீபாவளி முடிந்த வாரம் அவள்தான் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ... ஆனால் விரல் விஷயமாயிற்றே, எப்படிச் சொல்லாமல் இருப்பது? ரஞ்சித்குமார் துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து நனைந்துகொண்டு வந்தான், ஏங்க, சீனி கொறையுது, மாரிக்கண்ணு எடுக்கல, அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது, கையிலிருந்த ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் நேரே கூடத்துக்குப் போய்விட்டான்.

“அப்பா, சீனி எடுத்துத் தின்னீங்களா?”

அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“கேக்கறேன்ல? வெரலப் பத்தி டாக்டரு என்னா சொன்னாரு? மறந்துபோச்சா? நீங்க என்ன சின்னப் புள்ளையாப்பா?”

“இல்லப்பா... இனிமே இல்ல.”

அது என்ன பதில், அன்றையிலிருந்து வினோதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், தின்னவில்லை என்றாரா, இனிமேல் தின்னமாட்டேன் என்றாரா, முதல் வார்த்தைக்கு ஒரு அர்த்தம், அடுத்த இரண்டுக்கு வேறு அர்த்தம், சேர்த்துச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் காதில் விழுகிறது. தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் முகம்... வெட்கப்பட்டவர் முகம் அப்படி இருக்காது. பள்ளியில் மிட்டாயைத் திருடிவிட்டு மாட்டிக்கொள்கிற குழந்தைகளின் முகத்தை அவள் தினமும் பார்க்கிறாள், அதில் ஒரு சாயலும் இவர் முகத்தில் இல்லை, பின்னே என்ன இருந்தது? அதற்குப் பிறகும் சீனி குறைவது நிற்கவில்லை, அதுதான் விசித்திரம். இனிமே இல்ல என்று சொன்ன மனுஷர் மறுநாளும் எடுத்திருக்கிறார்.

தளதளவென்று வந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். டம்ளரால் அளந்து சீனியைக் கொட்டினாள், கொட்டியதும் தண்ணீர் ஒரு கணம் பாலைப் போலக் கலங்கி, கரண்டியைச் சுழற்றச் சுழற்றக் கண்ணெதிரே தெளிந்துகொண்டே வருகிறது, இத்தனை சீனி எங்கே போயிற்று, உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது, நாக்கில் வைத்தால்தான் தெரியும்... இதைக் குடித்துவிட்டு அடையில் கொண்டுபோய் அடைத்து, இறக்கையால் விசிறி விசிறிக் கெட்டியாக்கி, மேலே மெழுகு மூடியும் போட்டுவிடும் அதுகள், அப்படியானால் அது தேனா சீனியா? இதையும் கேட்டிருக்கிறாள். தேனில்ல தங்கச்சி, அதுங்க பசிக்கு ஆகும், நம்ம விக்கக் கூடாது என்றார் காஜா பாய். அதுகளுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரிந்தும் வேறு வழியில்லாமல் குடிக்கின்றனவா, அல்லது கொடுக்கிற கை எதைக் கொடுத்தாலும் தேன் என்றே எடுத்துக்கொள்கின்றனவா? இதற்கு மட்டும் பாய், மழை விடட்டும், வந்து சொல்றேன் என்று போனை வைத்துவிட்டார்.

நாளைக்கு வருகிறார். ஆனால் இதைச் சொல்ல இல்லை. இரண்டாவது பெட்டிக்காக வருகிறார். எலுமிச்சை மரத்தடியில் தள்ளியிருக்கும் அந்தப் பெட்டி ஐப்பசி தொடங்கும்போதே மெலிந்துவிட்டது, அடை கட்டிய சட்டத்தைத் தூக்கினால் கையளவு இடத்தில்தான் ஈ, மிச்ச அடையெல்லாம் காலி, இது தனியாத் தாங்காது, இதுக்கு ஊத்தறது வீண், மழை விட்டதும் பலமான பெட்டியோட சேத்துடுவோம், ஒரு ராணிய எடுத்துரணும் என்றார் பாய். எடுத்துரணும் என்றால் நசுக்கிவிடுவது என்று வினோதினிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதை ரஞ்சித்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினான், ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மாமா திடீரென்று, ரெண்டுக்கும் ஊத்துனா ஆவாதா என்றார், அவர் கேட்டதே பெரிய அதிசயம், ஆனால் அவள் என்ன சொன்னாள், ஆவாது மாமா, எவ்வளவு ஊத்துனாலும் அது பொழைக்காது என்று கரண்டியால் பொரியலை வைத்தபடியே சொல்லிவிட்டாள், அதோடு அவர் தலை தட்டுக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து அவள் முதல் பெட்டிக்கு மட்டும்தான் ஊற்றுகிறாள். இரண்டாவதைத் திறக்கவும் இல்லை, அடைமழையில் திறந்தால் குளிர் இறங்கிப் புழுவெல்லாம் செத்துவிடும், அது ஒரு காரணம், திறந்து பார்க்க மனம் வரவில்லை என்பது இன்னொரு காரணம். சேர்ப்பதற்கு முதல் நாள் இரண்டு பெட்டிக்கும் ஒரே தண்ணியை ஊற்றி வயிறு நிறைய வைத்தால் அடுத்த நாள் சண்டை போடாதாம், அதனால்தான் இன்றைக்கு இரண்டு பங்காகக் காய்ச்சுகிறாள்.

பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆற வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அதே நாற்காலி, அதே முதுகு. வெளியே மழை விட்டு வீட்டு ஓரத்து ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது, சம்பா வயல் முழுக்க வெள்ளக்காடு, எந்த மதகை ஏற்றலாம் எதை இறக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறாரோ... மாமியார் கமலாம்பாள் இருந்தவரைக்கும் இந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான் போகும், ஒங்கப்பா வயலுக்கு ஒர மூட்டை வாங்கியாரச் சொல்றாரு, அவன் சம்பளம் வரட்டுங்கறான், அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு சண்டையும் இல்லை, மனஸ்தாபம் இல்லை, நேருக்கு நேர் பேசிப் பழக்கம் இல்லை அவ்வளவுதான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலை தானாகவே இவளிடம் வந்துவிட்டது. அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளு. போட்டேன்னு சொல்லும்மா. ஒரே கூடத்தில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. பட்டினச்சேரியில் அவள் பிறந்த வீட்டில் கடலுக்குப் போய்வந்த அப்பாவும் அண்ணன்களும் ஊருக்கே கேட்கும்படி கத்துவார்கள், வலையைச் சொல்லி, மீனைச் சொல்லி, ஒன்றும் இல்லாவிட்டால் காற்றைச் சொல்லிக் கத்துவார்கள், கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டின் அமைதி அவளைப் பயமுறுத்தியது, என்மேல் கோபமா, கடற்கரைப் பெண் என்பதாலா என்று மாமியாரிடமே கேட்டுவிட்டாள், அந்த மனுஷனுக்குக் கோவப்படவும் பேசணுமே என்று சிரித்தார் அவர்.

விரலை விட்டுப் பார்த்தாள், ஆறிவிட்டது. கொட்டாங்கச்சி இரண்டு, ஈ வழுக்கி விழுந்து மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க அதில் போடுவதற்கு நான்கைந்து தென்னை ஈர்க்கு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினாள். சேறு கணுக்காலைப் பிடித்து இழுக்கிறது. முதல் பெட்டி பழக்கமான பெட்டி, மூடியைத் தூக்கியதும் இரைச்சல் ஒரு சுற்று ஏறி இறங்கியது, நேற்றைய கொட்டாங்கச்சி துடைத்து வைத்தது போல் காய்ந்து கிடந்தது, ஊற்றி மூடினாள். இரண்டாவது பெட்டிக்குப் போகும்போது கால் தானாகவே மெதுவாகிறது, செத்துக் குவிந்து கிடந்தால் என்ன செய்வது, பட்டினி போட்டது நான்தானே... வாசல் பலகையில் இரண்டு ஈ காவல் நின்றது. காவலா? காப்பதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே காவல் வைக்கும்? மூடியைத் திறந்தாள்.

உள்ளே கருப்பாக, நெருக்கமாக, அசைந்துகொண்டு, சட்டத்துக்குச் சட்டம் ஈ. அவள் நம்பாமல் நடுச்சட்டத்தை மெல்ல மேலே இழுத்தாள், கனத்தது, மேல் பாதி முழுக்க வெள்ளை மூடி போட்டு அடைத்திருக்கிறது, கீழே அறைக்கு ஒன்றாக அரிசி நுனி போல முட்டை, ராணி இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், முட்டை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மழையில் எங்கிருந்து வந்தது? முருங்கை உதிர்ந்துபோயிற்று, தென்னம்பாளையை மழை கழுவிவிட்டது, ஆறு கரை வரை ஓடுகிறது, எந்தப் பூவில்... சட்டத்தை இறக்கும்போதுதான் மூலையைப் பார்த்தாள். டவரா. மாமாவின் காப்பி டவரா, விளிம்பு நசுங்கினது, காணோம் காணோம் என்று அவளும் மாரிக்கண்ணுவும் தேடிய டவரா, அதில் பாதிக்குத் தண்ணீர், தண்ணீருக்குள் துடைப்பக் குச்சி ஒடித்துப் போட்டிருக்கிறது, குச்சிமேல் வரிசையாக உட்கார்ந்து ஈக்கள் குடித்துக்கொண்டிருக்கின்றன, அடியில் கரையாத சீனி மணலாகக் கிடக்கிறது. கொதிக்க வைக்கவில்லை. அவருக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாது. பச்சைத் தண்ணீரில் அள்ளிப் போட்டு விரலால் கலக்கியிருக்கிறார்.

அப்படியானால் அவள் ஊற்றுவதை நிறுத்திய அன்று அவர் ஆரம்பித்திருக்கிறார். காலையில் அவள் பள்ளிக்கும் ரஞ்சித் துறைமுகத்துக்கும் போன பிறகு, புண் ஆறின காலை இந்தச் சேற்றில் வைத்து... பெட்டி வந்த புதிதில் அவர் இமையில் ஒன்று கொட்டி ஒரு பக்கக் கண் மூடியே போயிற்று, அதற்கப்புறம் கொல்லைப் பக்கம் அவர் தலை தெரிந்ததே இல்லையே, அவ்வளவு பயந்தவர் எப்படி மூடியைத் தூக்கினார்? எத்தனை கொட்டு வாங்கினார், எங்கே மறைத்து வைத்தார்? வினோதினிக்குச் சிரிப்பு வந்தது, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“பாய், நாளைக்கு வர வேணாம்.”

“ஏன் தங்கச்சி, பெட்டி செத்துப்போச்சா?”

“இல்ல பாய், நல்லாருக்கு. அடையெல்லாம் ரொம்பிக் கெடக்கு.”

“இந்த மழையிலயா? யாரு ஊட்டுனது?”

“எங்க மாமா” என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவள் காதுக்கே புதிதாக இருந்தது.

சரி, தேனீக்குப் போட்டார். ஏன் சொல்லவில்லை? அதுதான் புரியவில்லை. சின்னப் புள்ளையாப்பா என்று மகன் கேட்டபோது, நான் தின்னலடா, ஈக்கு ஊத்துறேன் என்று ஒரே வரியில் முடிந்திருக்கும், யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை, அவள் சந்தோஷப்பட்டிருப்பாள், திருட்டுத் தீனி தின்னும் கிழவன் என்ற பெயரை எதற்காகச் சுமக்க வேண்டும்? டவராவை எடுத்து, மிச்சத்தைக் கொட்டாங்கச்சியில் சாய்த்து, காய்ச்சினதையும் மேலே ஊற்றி மூடினாள். மூடும்போதே முன்பக்கம் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரஞ்சித் வந்துவிட்டான். போய்ச் சொல்லிவிட வேண்டும், முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், கேளுங்க, உங்கப்பா ஒரு கடுகளவு தின்னல...

சமையலறைக்குள் ஏறியபோது கூடத்தில் மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற அந்த மிஷின். சீனிச் சண்டை நடந்த மறுநாளே ரஞ்சித் காரைக்காலுக்குப் போய் வாங்கிவந்தான், இனிமே தினம் நானே பாக்கறேன், யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல என்றான், அப்படியே செய்கிறான், ஷிப்டு முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு அப்பா எதிரில் உட்கார்ந்துவிடுகிறான். வினோதினி டவராவோடு கதவு ஓரத்தில் நின்றாள். அவன் ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே அவர் கையை நீட்டி மடிமேல் வைத்திருந்தார், நடுவிரல் தனியாக, நகம் வெட்டி, கழுவி.

“இன்னிக்கும் கொறஞ்சிருக்கா?” ரஞ்சித் திரும்பாமலே அவளைக் கேட்டான்.

சொல்ல வேண்டியதுதான், வாயைத் திறந்தும் விட்டாள், அப்போது மாமா அவளைப் பார்த்தார், அவளை, பிறகு அவள் கையிலிருந்த டவராவை. கெஞ்சவில்லை, தலையை ஆட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

“கொறஞ்சிருக்கு” என்றாள் வினோதினி. பொய் இல்லை.

ரஞ்சித் பெருமூச்சு விட்டான், பஞ்சால் விரலைத் துடைத்தான், குத்தினான், துளியைப் பட்டையில் வாங்கினான், மிஷின் யோசிக்கிற அந்தச் சில நொடியில், ஆத்துல தண்ணி எவ்வளவுப்பா போவுது என்று கேட்டான், அவர் சொல்லத் தொடங்கிவிட்டார், நேத்திக்கி பாலத்துக் கட்டை தெரிஞ்சுது, இன்னிக்கி தெரியல, ரெண்டு பலகய ஏத்துனா போதும், இப்ப இருக்கற பசங்க நாலையும் ஏத்திடுவானுங்க, அப்பறம் கடைமடைக்குத் தண்ணி நிக்காது... இவ்வளவு நீளமாக அவர் பேசி வினோதினி கேட்டதே இல்லை. இல்லை, கேட்டிருக்கிறாள், இந்த ஒரு மாதமாகத் தினமும் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், அடுப்படியில் வேலையாக இருந்ததால் அது என்னவென்று காது வைக்கவில்லை. அப்பாவக் கேளு, அவங்கிட்டச் சொல்லு என்று அவளை யாரும் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது?

“நூத்திப் பத்து” என்றான் ரஞ்சித். “எப்படிப்பா? சீனி கொறையுது, உங்களுக்கு ஏறவே மாட்டேங்குது?”

“மிஷினு செரியில்லாம இருக்கும்” என்றார் தெட்சிணாமூர்த்தி. “நாளைக்கும் ஒருதரம் பாத்துடு.”

ஓ, என்றது அவளுக்குள். அதுவா. ஆனால் எது முதலில், ஈக்கு ஊற்றியதா, திட்டு வாங்கியதா? ஈக்குத்தான் முதலில் ஊற்றினார், அது நிச்சயம், ஆனால் அந்தச் சாயங்காலம் மகன் ஈரச் சட்டையோடு எதிரில் வந்து நின்று அப்பா என்று கூப்பிட்டதற்குப் பிறகு, காலையில் டப்பாவைத் திறந்தபோதெல்லாம் யாருக்காகத் திறந்தார்? அவருக்கே தெரியுமா? இதைப் போய் எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன ஆகும்... ரஞ்சித் மிஷினை அணைத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டான், இடது கையால். வலது கை இன்னும் அப்பாவின் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது. கடுகளவு ரத்தம், எப்போதோ நின்றிருக்கும். தினமும் நூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில்தான் காட்டுகிறது, ஒரு நாள்கூட ஏறியதில்லை, துறைமுகத்தில் டன் கணக்கைக் கிலோ பிசகாமல் பார்க்கிறவன், இதைப் பார்க்காமலா இருப்பான்? அப்படியென்றால் அவனுக்கும் தெரிந்துதான் தினமும்... அப்பறம் அந்த ரெண்டு பலகய ஏத்துனா என்னாவும்ப்பா என்று ரஞ்சித் கேட்டுக்கொண்டிருந்தான், பஞ்சை விடாமல்.